வெறுங்காலில் ஆடியவன்

என் அண்ணன் தைரியராஜுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் புத்தூரில் 'பேட்மிண்டன் தைரியம்' வீடு எது என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். இறகுப் பந்து என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு பேட்மிண்டன் என்றால் மஞ்சள் கம்பளிப் பந்துதான், பக்கத்துக்கு ஐந்து பேர்.

ஐந்து பேர் ஆடும் இடத்தில் வாய் ஓயாது. பின்னால் நிற்பவன் "விடு, எனக்கு!" என்று கத்துவான், முன்னால் நிற்பவன் விலக வேண்டும். அண்ணன் முன்னால் நிற்பவன். அவனிடம் கத்தி என்ன பிரயோசனம்? வீட்டில் நாங்கள் அவனைக் கூப்பிடத் தரையை மிதிப்போம். அதைப் பார்த்துத்தான் அவன் சிநேகிதன் அருள்நாதன் மைதானத்திலும் மிதிக்க ஆரம்பித்தான். மிதித்தால் பந்து அருள்நாதனுக்கு, இல்லாவிட்டால் அண்ணனுக்கு. கெட்டித்த மண்ணின் அதிர்வு வெறுங்காலில் தெரியும், அண்ணன் சட்டென்று விலகுவான். அருள்நாதனோ, அந்தச் சத்தம் அண்ணன் காதில் கொஞ்சம் விழுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தான். "இவனா செவிடு? எவன்யா சொன்னது?" என்று வெளியூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

ஜில்லா டீமில் ஆட வேண்டும் என்பது அண்ணனின் ஒரே ஆசை. வருஷா வருஷம் தள்ளினார்கள். "காது கேக்காதவனை வச்சுக்கிட்டு எப்படிங்க ஆடுறது?" என்றார் ஜில்லா பேட்மிண்டன் சங்கத்துக்காரர். கடைசியில், போனால் போகிறதென்று, ஸ்ரீரங்கத்தில் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அங்கேதான் நம் ஆட்கள் தங்கள் புத்திசாலித்தனத்தைக் காட்டினார்கள். எல்லோரும் ஷூவோடு வரும் இடத்தில் நம்ம தைரியம் மட்டும் வெறுங்காலோடு நிற்கலாமா என்று, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வெள்ளை கான்வாஸ் ஷூ வாங்கி வந்திருந்தார்கள். அண்ணனை உட்காரவைத்து அருள்நாதனே காலில் மாட்டி, கயிறு கட்டிவிட்டான். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு உபசாரம் நடந்திருக்காது.

ஆட்டம் தொடங்கியது. அருள்நாதன் மிதித்தான். அண்ணன் நகரவில்லை. இரண்டு மட்டைகளும் மோதிக்கொண்டன. மறுபடி மிதித்தான், மறுபடி அதே கதை. நான் கோட்டோரம் ஓடி, ஷூவைக் கழற்று என்று கையைக் காட்டினேன். அண்ணன் பார்த்தான். தன் கால்களைப் பார்த்தான், கூட்டாளிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்து மாட்டேன் என்று தலையசைத்தான். கொஞ்ச நேரத்தில் அருள்நாதனின் மட்டை அவன் புருவத்தைக் கிழித்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் சங்கத்துக்காரர்.

அருள்நாதனை மட்டும் ஜில்லா டீமில் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் என்னிடம், "பெரிய ஆட்டம்னதும் பயந்துட்டான், லூர்து. எவ்வளவு ஓங்கி மிதிச்சேன் தெரியுமா?" என்றான். எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினான். ஷூவைத் தொட்டுக் காட்டி, பிறகு நெஞ்சைத் தொட்டு, அவர்கள் பக்கம் கையை நீட்டினான். ஆசையாகக் கொடுத்திருக்கிறார்கள், சொல்லாதே என்று அர்த்தம். பாவி, அவன் ஆசையை யார் கேட்டார்கள்!

ஆட்டத்தை வைத்தே அருள்நாதனுக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது, போய்விட்டான். பிறகு வந்தவர்களை மிதிக்கச் சொன்னேன். இரண்டு நாள் மிதித்தார்கள், அப்புறம் பழையபடி கத்தினார்கள். அண்ணன் ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான். அப்படிப் பார்க்கிறவன் எப்படி ஆடுவான்? இருபத்து நான்கு வயதில் மட்டையை வைத்துவிட்டான்.

அருள்நாதன் லீவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவான். "அன்னைக்கு மட்டும் நீ பயப்படாம இருந்திருந்தா, இன்னைக்கு என்கூட மெட்ராஸ்ல இருப்படா" என்பான். அண்ணன் அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டிச் சிரிப்பான். நான் காபி போட எழுந்து போய்விடுவேன்.