பாதி மலை

படம் என்றால் தலை முதல் கால் வரை இருக்க வேண்டும். செஞ்சி கடைத்தெருவில் என் ஸ்டூடியோ நடந்ததே அந்தச் சட்டத்தில்தான். கால் விரல் வெட்டுப்பட்டால்கூட அபசகுனம் என்று படத்தை வீசிவிட்டுப் போவார்கள். மலையையும் அப்படியேதான் எடுத்தேன். ராஜகிரி, உச்சி முதல் அடிவாரம் வரை, நட்டநடுவில். கடலூர் புகைப்படக் கண்காட்சிக்கு இரண்டு வருடம் அனுப்பினேன். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது. அறுபத்து நாலில் மூன்றாம் முறை. இதுவும் திரும்பினால் கேமராவைப் பரண்மேல் போட்டுவிடுவது என்றிருந்தேன்.

அனுப்பக் கடைசி நாள். பிரிண்ட் போடும் பெரிய தாள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். காலையில் சிங்கவரத்தில் ஒரு கல்யாணம் எடுத்துவிட்டு வந்து பார்த்தால், இருட்டறைக் கொடியில் அந்தத் தாள் ஈரம் சொட்டத் தொங்குகிறது. என் மனைவி உண்ணாமலையின் வேலை. எட்டு வருடமாகப் பிரிண்ட் போடுவதெல்லாம் அவள்தான்.

நான் முழுசாக எடுத்த மலைக்கு இப்போது உச்சியும் இல்லை, அடியும் இல்லை. ஓரத்தில் ஒரு தோள், பாறை இடுக்கில் ஒற்றை மரம். மீதியெல்லாம் கருமேகம். நான் எடுத்த அன்று வானம் வெள்ளைவெளேரென்று இருந்தது.

“மேகம் ஏதுடி?”

“மேல்மலையனூர்ல அமாவாசைக்கு எடுத்தீங்களே, அந்த நெகட்டிவ இத்தோட சேத்து வெச்சி அடிச்சேன்.”

“அந்த ஊர் மேகத்த செஞ்சி மலை மேல ஏத்திட்டியா? தலையும் போச்சி, காலும் போச்சி!”

“மேகம் இன்னா, ஒரே ஊர்லயேவா நிக்குது?”

எனக்குக் கோபம் பொங்கியது. தண்ணீர் குடிக்க, ஸ்டூடியோவுக்குப் பின்னாலேயே இருந்த வீட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன். அடுப்புக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல். பக்கத்து அரிசி மண்டிச் சுவர் மறைத்தது போக அதில் தெரிந்தது மலையின் ஒரு தோள், அதே மரம். மழைக்காலத்தில் அங்கே மேகம் வந்து குந்தும், வந்து பாருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறாள். நான் போனதே இல்லை. வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து படத்தைப் பார்த்தேன். அந்த ஒற்றை மரம் மழைக்காகக் காத்துக்கொண்டு நின்றது. இருபது தடவை ஏறி இறங்கியும் நான் காணாத மலை. அசந்துபோனேன். விண்ணப்பத்தில் பெயர் கேட்ட இடத்தில் உண்ணாமலை என்று எழுதி, தபாலாபீசுக்கு ஓடினேன்.

அந்தப் பார்சல் திரும்பி வரவில்லை. இருவரும் கடலூர் போனோம். அந்தப் படத்தின் முன்னால் மட்டும் கும்பல் கலையவே இல்லை. உண்ணாமலை முந்தானையைத் திருகியபடி எனக்குப் பின்னால் நின்றாள்.

கண்ணாடி போட்ட ஒருவர் என்னிடம் கேட்டார். “எங்க இருந்து சார் எடுத்தாங்க இத?”

“எங்க வூட்டு அடுப்பாண்ட இருந்து” என்றேன்.