ஒரு வாய் பால்

ருக்சானாவின் வலது தோளில் மூன்றாவது முறை தண்ணீர் ஊற்றியபோது உள்ளறையில் குழந்தை அழுதது. பர்ஹானாவுக்கு மார்பு கடுத்தது. சட்டையின் முன்புறம் நனைந்துவிட்டது. சொம்பைக் கீழே வைக்காமலே துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். மய்யித்தை, இறந்த உடலை, குளிப்பாட்ட வந்திருந்த பெண் அதைக் கவனித்தார்.

"நீ போய்ப் புள்ளயப் பாரும்மா. தங்கச்சிய நாங்க பாத்துக்கிறோம்."

பர்ஹானா போகவில்லை. கூடப் பிறந்தவள் இவள் ஒருத்திதான். கால்வரை ஊற்றி முடித்த பிறகுதான் எழுந்தாள்.

ருக்சானாவுக்குப் பிரசவம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்கு எடுப்பதாகப் பேகம்பூர் பள்ளிவாசலில் சொல்லியாயிற்று.

உள்ளறையில் ருக்சானாவின் புருஷன் ஃபாரிஸ் பவுடர் பால் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி போய் ஆறு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஒரு கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. பர்ஹானாவின் அம்மா ரஃபியா குழந்தையை மடியில் போட்டுப் பாட்டிலை வாயில் வைத்தாள். அது நாக்கால் வெளியே தள்ளியது.

"பழகிரும்," என்றாள் ரஃபியா. "டாக்டரம்மாவே இந்தப் பால் போதும்னுட்டாங்க. எத்தனை புள்ளைக பவுடர் பால்ல வளரல?"

"வளருதுக. நான் இல்லைங்கல. எனக்குப் பால் கட்டி நிக்குதும்மா. குடு."

"சும்மா இரு." ரஃபியா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வாய் உள்ள போனாலும் நீ அதுக்குத் தாய். அயாஸ் அண்ணனாயிருவான். அப்புறம் எப்பிடிக் கட்டி வைக்கிறது? மார்க்கத்துல எடமில்ல."

பர்ஹானாவின் மகன் அயாஸுக்கு எட்டு மாதம். கூடத்தில் யார் மடியிலோ உட்கார்ந்து ரஸ்க் கடித்துக்கொண்டிருந்தான். அக்கா தங்கை பிள்ளைகள் கட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். பெண் பிறந்தால் அவனுக்குத்தான் என்று ருக்சானா ஏழாம் மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பர்ஹானா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வயிற்றைத் தட்டி, "ஏ புள்ள, ஒன் மாமியா வந்துட்டா, எந்திரி" என்பாள். "சமைக்கத் தெரியாதவ என் வீட்டுக்கு வேணாம்" என்று பர்ஹானா பதிலுக்குச் சீண்டுவாள்.

அன்றைக்கு அது விளையாட்டு. இன்று காலையிலிருந்து அது செத்தவளின் சொல்லாகிவிட்டது. தங்கச்சி ஆசைப்பட்டது இது ஒன்றுதான், அதையும் தானே கெடுப்பதா என்று பர்ஹானா தயங்கினாள். குழந்தையோ பாட்டிலை விட்டுவிட்டு மறுபடி வீறிட்டது.

ரஃபியா அவள் காதருகே குனிந்தாள். "ஃபாரிஸுக்குச் சின்ன வயசு. வருசம் திரும்புறதுக்குள்ள சேவுகம்பட்டியில அவன் வீட்டுக்காரங்க அவனுக்கு இன்னொருத்தியப் பாத்துருவாங்க. அப்புறம் இந்தப் புள்ள யாரோ, நாம யாரோ. அயாஸுக்குக் கட்டுனாத்தான் இது நம்ம வீட்டுக்கு வரும்."

பர்ஹானா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ருக்சானாவும் இதற்குத்தானே ஆசைப்பட்டாள், மகள் அக்கா வீட்டுக்கு வர வேண்டும் என்று.

"மருமகளா வர இருவது வருசம் ஆகும்மா," என்றாள். "மகளா இப்பவே வரட்டும்."

பர்ஹானா ஃபாரிஸின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீங்கதான் சொல்லணும். நான் குடுத்தா இவ எனக்கும் மக. நாளைக்கு நீங்க யாரைக் கட்டுனாலும், எங்க போனாலும், என் மகளைக் காட்டுன்னு வந்து நிப்பேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட காலைலயே கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

அவன் டப்பாவின் மூடியை அழுத்தி மூடி அலமாரியில் வைத்தான்.

"நான் வெளிய இருக்கேன்க்கா," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

ரஃபியா குழந்தையை நீட்டினாள். அது முகத்தை அங்குமிங்கும் திருப்பித் தடுமாறி, கடைசியில் பிடித்துக்கொண்டது. விழுங்கும் சத்தம் கேட்டதும் பர்ஹானா அழுதாள். காலையிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

கஃபன் துணியால் முகத்தை மூடுவதற்கு முன் பெண்களைக் கூப்பிட்டார்கள். பர்ஹானா, தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். கற்பூரம் மணத்தது. தங்கச்சியின் காதோரம் குனிந்தாள்.

"ஒம் மகளுக்கு வேற எடத்துலதான் மாப்பிள்ள பாக்கணும்டி."