தண்ணீர் போன வழி

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் நிற்கும் அந்த ஐந்து மாடிக் கட்டிடத்தில் ஆரணிக்குத் தெரியாமல் ஓர் எலிகூடக் குடியேற முடியாது. எதையும் ஏன், எப்படி என்று துருவாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் ஆறு நாட்களாக ஒரு கேள்வி அவளைப் படாதபாடு படுத்தியது. மொட்டை மாடியில் உள்ள தண்ணீர்த் தாங்கி விடியற்காலையில் நிரம்புகிறது. பத்து மணிக்குள் வற்றிவிடுகிறது. அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?

மற்றவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. எட்டாம் இலக்க வீட்டு மாக்ரெட்தான் காரணம். கொட்டாஞ்சேனையிலிருந்து வாடகைக்கு வந்தவள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தகப்பனின் துணிகளைத் தினமும் தோய்ப்பவள். வறட்சியில் களனி கங்கைக்குள் கடல் தண்ணீர் ஏறி, கொழும்பே நீர்வெட்டில் தவிக்கிறபோது இது அடுக்குமா என்று கட்டிடமே கொதித்தது. வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி அவளை அங்கிருந்து எழுப்பிவிட இன்று பின்னேரக் கூட்டத்தில் முடிவாகப் போகிறது. அவளுடைய பெயரை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் ஆரணிதான்.

சொன்னாளே தவிர, கணக்கு இடித்தது. காலையிலேயே செயலாளர் நமசிவாயத்தை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அங்கிள், ஒரு மனுசன்ர துணி தோய்க்க ரெண்டாயிரம் லீற்றர் முடியுமே?"

"நீர்தானே பிள்ளை அவவெண்டு சொன்னனீர்?"

"சொன்னனான்தான். ஒருக்கா எல்லாரையும் பைப்பைப் பூட்டச் சொல்லுங்கோ, பாப்பம்."

அவர் முணுமுணுத்தபடி வாட்ஸ்அப்பில் செய்தி போட்டார். கால் மணி நேரம் கழித்துத் தாங்கிக்குள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் தண்ணீரைத் தொடவில்லை; ஆனாலும் மட்டம் நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

தாங்கியிலிருந்து வீட்டுக்கு ஒன்றாகப் பத்துக் குழாய்கள் இறங்கின. ஆரணி முழந்தாளிட்டு ஒவ்வொன்றிலும் காதை வைத்தாள். மாக்ரெட்டின் குழாயில் சத்தமே இல்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த ஏழாம் இலக்கக் குழாய் இரைந்தது.

ஏழாம் இலக்கத்தில் ஆளே இல்லை. பிரியந்தன் குடும்பம் கனடாவில் இருக்கிறது. வீட்டுக் கதவின் திறப்பு ஆரணியிடம், வெள்ளிக்கிழமைகளில் சாமியறையில் விளக்கேற்றுவதும் அவள்தான். திறப்பை எடுத்துக்கொண்டு தனியே ஓடினாள்.

பின்பக்கக் குளியலறையில் பைப் முழுதாய்த் திறந்து கிடந்தது. அதில் மாட்டியிருந்த ரப்பர் குழாயின் நுனி வடிகால் ஓட்டைக்குள் விழுந்து கிடந்ததால், சத்தமில்லாமல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

பூட்டியபோதுதான் நினைவு வந்தது. போன வெள்ளி, விளக்கேற்றுமுன் கால் கழுவ இந்தப் பைப்பைத் திருகியவள் அவளேதான். நீர்வெட்டு, ஒரு சொட்டும் வரவில்லை. தன் வீட்டு வாளியில் கழுவிவிட்டு வந்து விளக்கேற்றினாள். திருகியதைத் திருப்பிப் பூட்டவில்லை.

"இரைச்சல் நிண்டிட்டுது பிள்ளை! என்னவாம்?" என்று மேலிருந்து நமசிவாயம் கத்தினார்.

பைப்பின் வாஷர் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. நேரே போய் எதிர்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த மாக்ரெட், அவளைக் கண்டதும் பயந்துபோய்த் தானாகவே பேசத் தொடங்கினாள்.

"அக்கா, சத்தியமா நாங்க இல்ல. துணியெல்லாம் கொட்டாஞ்சேனைக்கு, தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிர்றேன். அப்பாவ ஈரத்துணியால தொடைக்கிறதோட சரி. ஆறு நாளாச்சு அக்கா, அவருக்கு முதுகெல்லாம் புண்ணு."



"மாக்ரெட், பைப்பைத் திறந்துவிட்டது நான். முன்வீட்டில. பூட்ட மறந்திட்டன். உம்மட பேரைச் சொன்னதும் நான்தான். பின்னேரம் எல்லாருக்கு முன்னாலயும் சொல்லுவன்."

மாக்ரெட் கோபப்படவில்லை. உள்ளே அப்பாவின் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப, இன்னைக்கு அப்பாவக் குளிப்பாட்டலாமா அக்கா?" என்று கேட்டாள்.