ஹாலில் எண்ணூறு லிட்டர் கடல்

"சம்ப் ஒண்ணு வேணும்" என்று அப்துல் கனி சொன்னதும் மெஹர்னிசா சிரித்துவிட்டாள்.

"வாசல்லயே இருக்கே சம்ப். எட்டாயிரம் லிட்டர். தொண்ணூத்திமூணுல நான்தான கூட நின்னு தோண்ட வெச்சேன்?"

"அந்த சம்ப் இல்ல மெஹரு. மீன் தொட்டிக்கு அடியில வைக்கிற இன்னொரு தொட்டி. மேலேருந்து தண்ணி வழிஞ்சு அதுல எறங்கும். அங்க சுத்தமாயி, பம்ப்புல ஏறி மறுபடியும் மேல போவும். அதுக்கும் சம்ப்புன்னுதான் பேரு."

நோட்டுப் புத்தகத்தில் அவர் படம் வரைந்து வைத்திருந்தார். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். உள்ளே கடல் தண்ணீர். பாறைகள், அவற்றின் மேல் கடலில் இருப்பதுபோலவே உயிருள்ளவை. அவள் படத்தைப் பார்த்ததைவிட அதிகமாக அவர் முகத்தைப் பார்த்தாள். ஊருக்கு வந்து ஆறு மாதத்தில் அந்த முகத்தில் அவள் அன்றுதான் ஒரு ஆசையைக் கண்டாள்.

கனி இருபத்திரண்டு வருடம் ஜித்தாவில் இருந்தவர். உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பர். 1984இல் பழவேற்காட்டிலிருந்து போனார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. 2006 கடைசியில் ஒரேயடியாகத் திரும்பினார். கும்மிடிப்பூண்டியில், சிப்காட் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இந்த வீட்டை அவர் முதலில் பார்த்தது போட்டோவில்தான். மனை பார்த்தது, கொத்தனாரிடம் சண்டை போட்டது, கம்பி கட்டும்போது எண்ணிப் பார்த்தது எல்லாம் மெஹர்னிசா. அவர் வந்து சேர்ந்தபோது மகள் சிஃபா கல்யாணமாகி மண்ணடியில் இருந்தாள். மகன் நியாஸ் திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில். வீட்டில் இரண்டே பேர்.

இந்த நாளுக்காகத்தான் அவள் அத்தனை வருடம் காத்திருந்தாள். ஆனால் நாள் வந்தபின் அதை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். படுக்கையைத் தானே மடித்தார். அவர் டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு மாத லீவுகளில் பிரியாணியும் விருந்தும் உறவுக்காரர்களும்தான். யார் டீ போட்டார்கள், யார் குடித்தார்கள் என்பதெல்லாம் ஞாபகத்தில் இல்லை. சாயந்திரமானால் கனி வாசலில் நாற்காலி போட்டு, சிப்காட் லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டால் "ஒண்ணுமில்லயே" என்பார்.

பிறகு ஒருநாள் அவராகவே சொன்னார். ஜித்தாவில் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ரூமில் இருந்த நாலு பேரும் ஊருக்கு வடக்கே கடற்கரைக்குப் போவார்களாம். நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் குனிந்தால் போதுமாம்.

"நம்ம கடல்ல மூஞ்சிய வெச்சா கலங்கல்தான் தெரியும். அங்க அப்டி இல்ல. பாறையெல்லாம் பூ மாதிரி விரிஞ்சிக்கினு இருக்கும். அதுக்குள்ள மீனு..." கையை ஆட்டிக் காட்டினார். "அத எப்டி சொல்றதுன்னு தெரியல மெஹரு."

அதற்கு மறுவாரம்தான் அந்த நோட்டு.

கொளத்தூரில் மீன் தொட்டி செய்யும் ஆள் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கும் முன்பே முதல் தகராறு வந்தது. ஜன்னலோர மூலையில் வைக்க வேண்டும் என்றார் கனி. மெஹர்னிசா கூடாது என்றாள்.

"அந்த மூலையில பழைய குட்டை இருந்துச்சி. மண்ணு போட்டு ரொப்புன எடம். தண்ணி, கண்ணாடி, கல்லு எல்லாம் சேந்தா ஒரு டன்னு வரும். எறங்கிடும். இந்தச் செவுத்துக்குக் கீழ பீம் போவுது. இங்க வெய்ங்க."

கனி தரையைப் பார்த்தார். எங்கும் ஒரே மொசைக். எந்த இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவள் சொன்ன சுவரோரம்தான் இரும்பு ஸ்டாண்ட் போனது.

குழாய் வேலைக்கு ஏழுமலை வந்தான். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பைப் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். இந்த வீட்டின் எல்லாக் குழாயும் அவன் போட்டதுதான், அதனால் கேள்வியெல்லாம் மெஹர்னிசாவிடமே கேட்டான்.

"அக்கா, பின் கண்ணாடியில ஓட்ட போட்டு டேங்க் நிப்பிள் வெச்சி, தண்ணி கீழ எறங்குற பைப்ப மாட்டிடறேன். ஒண்ணேகால் இஞ்சு போதுமா?"

"ஒன்ற போடு. எறங்குற பைப்பு எப்பவும் பெருசா இருக்கட்டும்."

"ஆமா, ஒன்றதான்" என்று கனியும் நோட்டைப் பார்த்துச் சொன்னார். அவர் எழுதியிருந்ததும் அதுவே. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம். கல்லையும் தாங்களே செய்துகொள்ள முடிவு செய்தார்கள். சிமெண்ட், நொறுக்கிய சிப்பி, கல் உப்பு. ஈர மணலில் குழி பறித்துக் கலவையை ஊற்றினால் கரடுமுரடாக இறுகும். பிறகு தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து ஓட்டை ஓட்டையாகிவிடும், நிஜப் பாறைபோல. கலவையின் பக்குவம் கனிக்கு வரவில்லை. முதல் கல் கையிலேயே உதிர்ந்தது. மெஹர்னிசா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டியை வாங்கினாள். சிமெண்டின் காரம் போகக் கற்கள் ஒன்றரை மாதம் டிரம்மில் ஊறின. ஒருநாள் விட்டு ஒருநாள் இருவரும் சேர்ந்து தண்ணீர் மாற்றினார்கள்.

அந்த மாதங்களைப்போல அவள் வாழ்க்கையில் வேறு மாதங்கள் இல்லை. பைப் ஒட்டும் சொல்யூஷன் வாசனை வீடு முழுக்க. அவர் பைப்பைப் பிடிக்க, அவள் எல்போ வளைவைச் செருகித் திருகி முப்பது எண்ணுவாள். எண்ணும்போது இரண்டு பேர் கையும் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும். டீக்கு ஒன்றரை ஸ்பூன் என்பது கேட்காமலே தெரிந்தது.

கடல் தண்ணீருக்குப் பழவேற்காட்டுக் குப்பனைப் பிடித்தார்கள். முகத்துவாரத்தில் எடுத்தால் ஏரித் தண்ணீர் கலந்திருக்கும் என்று கனி சொன்னதால், குப்பன் படகை வெகுதூரம் உள்ளே ஓட்டிப்போய் நீல டிரம்களில் மொண்டு வந்தான். "மீன் எடுத்துக்கினு வர்றதுக்குப் போவேன், தண்ணி எடுத்துக்கினு வர்றதுக்கு இன்னிக்கிதான் போனேன் பாய்" என்று சிரித்தான்.

2008 பொங்கலுக்கு முன்னால் தொட்டி நிறைந்தது. பம்ப்பைப் போட்டதும் தண்ணீர் ஏறி, வழிந்து, இறங்கி, மறுபடி ஏறியது. ஒரு ஜாயிண்டில்கூடக் கசிவில்லை. இரண்டு மாதம் கழித்து முதல் மீன்கள் வந்தன. பிறகு கடையில் வாங்கிய, பச்சையாய் மெத்தென்று விரியும் தோல் பவளம், காளான்போல் ஒட்டிக்கொள்ளும் சிறு உயிர்கள். பிறகு பூப்போல விரிந்து அசையும் ஒரு கடல் தாமரையும், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களும்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று மெஹர்னிசாவுக்குத் தோன்றியது.

கனி வாசலில் இருந்த நாற்காலியைத் தொட்டி முன்னால் போட்டுக்கொண்டார். நீல விளக்கு அவர் முகத்தில் விழும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது தடவை திரும்புவார். திரும்பும்போது அந்தக் கண்கள் எங்கிருந்தோ வருவதுபோல இருக்கும். ஜித்தாவிலிருந்து போன் செய்யும்போது கேட்குமே, சொல்லி முடித்தபின் ஒரு நொடி கழித்து வரும் பதில், அதே மாதிரி. எதிரில்தான் இருக்கிறார், நாலடி தூரத்தில். அவள் சமையலறையில் நின்றபடி சொல்யூஷன் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள், வெட்கத்துடன் மூடி வைத்தாள். இன்னும் ஒரு பைப்பாவது பாக்கி இருந்திருக்கக் கூடாதா?

அந்த வருடம் மின்வெட்டு தொடங்கியது. ஆகஸ்டில் ஒரு மத்தியானம் மெஹர்னிசா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். கரண்ட் போனது. பத்து நிமிடத்தில் கனியின் கூச்சல் கேட்டது.

"மெஹரு! தண்ணி! தண்ணி!"

ஓடி வந்தாள். கீழ்த்தொட்டி நிரம்பி விளிம்பில் வழிந்து ஹால் முழுக்கக் கடல் தண்ணீர். மேல்தொட்டியில் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. பாறை உச்சியில் இருந்தவை வெளியே தெரிந்து துவண்டு கிடந்தன. கனி முழங்காலில் உட்கார்ந்து லுங்கியாலும் போர்வையாலும் கீழ்த்தொட்டியை அணைத்துக்கொண்டிருந்தார்.

"வால்வு எங்க இருக்கு? எத மூடணும்? எங்கேருந்து வருது, ஒண்ணும் புரியலயே!"

மெஹர்னிசா ஒரு நொடி நின்று பார்த்தாள். பம்ப்பிலிருந்து மேலே போகும் பைப்பின் வாய், மேல்தொட்டியின் அடிவரை போயிருந்தது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கக் கூடாது என்று போன வாரம் கனிதான் வளையும் ஹோஸ் ஒன்றை மாட்டி அதை நீட்டியிருந்தார். பம்ப் ஓடும்வரை சரி. பம்ப் நின்றதும் அதே பைப் தண்ணீரைப் பின்னுக்கு உறிஞ்சுகிறது, பேரலிலிருந்து டியூப் போட்டு மண்ணெண்ணெய் இழுப்பதுபோல.

நாற்காலி மேல் ஏறினாள். தோள்வரை கையை உள்ளே விட்டு, அந்தப் பைப்பை வளைத்து, அதன் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கினாள். கொர்ரென்று காற்று உள்ளே போனது. வழிவது நின்றது.

"மெயின் சுச்ச அணைங்க. கரண்ட் வந்தா ஈரத்துல பம்ப் ஓடக் கூடாது."

கனி எழுந்து நின்றார். சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"மெயின் எங்க இருக்கு மெஹரு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஊரோடு வந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது.

"படிக்கட்டுக்கு அடியில" என்றாள் மெதுவாக.

ஈரத்தைத் துடைத்தபின் அவள் ஒரு ஆணியைக் கிடுக்கியில் பிடித்து அடுப்பில் சிவக்கக் காய்ச்சினாள். பைப்பில், தண்ணீர் மட்டம் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு ஒரு விரல் கீழே, ஆணியால் ஒரு ஓட்டை போட்டாள். இனி கரண்ட் போனாலும் தண்ணீர் அந்த ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். கற்களை எடுத்து வைத்து, டிரம்மில் மீதி இருந்த தண்ணீரை இருவரும் வாளி வாளியாக ஊற்றினார்கள். ஒரு மீன் செத்திருந்தது. கடல் தாமரை சுருங்கி முஷ்டிபோல இருந்தது, ஆனால் உயிர் இருந்தது.

சாயந்திரம் கரண்ட் வந்து தண்ணீர் ஓடத் தொடங்கியதும் இருவரும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல. தொண்ணூத்திநாலு நோம்புல மாடி டேங்க் தண்ணியெல்லாம் இதே மாதிரி திரும்ப சம்ப்புக்கே எறங்கிடிச்சி. ஏழுமலை ஊர்ல இல்ல. நியாசுக்கு அம்மை போட்டிருந்திச்சி. ஊட்ல குளிப்பாட்டக்கூடத் தண்ணி இல்ல. மாடியேறி ஒவ்வொரு பைப்பா பாத்தேன். அப்போ புரிஞ்சிச்சி."

"லெட்டர்ல எழுதலயே நீ? எல்லாரும் நலம்னுதான எழுதுவே?"

"எழுதியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

கனி தொட்டியைப் பார்த்தபடி பேசினார்.

"அங்க எனக்கு வேலை செய்யும்போதும் தூங்கும்போதும் இந்த ஊடுதான். சிஃபா இந்நேரம் ஸ்கூல்லேருந்து வந்திருப்பா, நீ வெளக்கு ஏத்தியிருப்பேன்னு ஓடிக்கினே இருக்கும். வெள்ளிக்கெழம தண்ணிக்குள்ள மூஞ்சிய வெச்சா மட்டும் கொஞ்ச நேரம் நின்னுடும். அதுக்குத்தான் போவேன். அந்த மீனையெல்லாம் பாத்தா உங்க நெனப்பு வராது. அவ்ளோதான். இங்க வந்தா புள்ளைங்க இல்ல. எந்த சுச்சு எங்கன்னு தெரியல. ஊட்டுக்கு வந்துகூட ஊட்டு நெனப்பு போவல மெஹரு. அதான் இதக் கட்டுனேன்."

மெஹர்னிசாவுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் அவர் அங்கே விட்டுவந்த கடலுக்காக ஏங்குகிறார் என்று நினைத்து, அந்தக் கடல்மேல் அவள் பொறாமைப்பட்டிருந்தாள்.

மறுநாள் காலை நாஷ்டா முடிந்ததும் அவர் கேட்டார். "மொதல்லேருந்து காட்டு. எந்தப் பைப்பு எங்க போவுது?"

வீட்டைச் சுற்றி நடந்தார்கள். கிணற்றடி வால்வு. அதை வைத்த அன்றுதான் சிஃபா சைக்கிள் கற்றாள். சமையலறைச் சுவரில் ஒரு விரிசல், 2004 டிசம்பரில் சுனாமி அன்று காலை கட்டில் ஆடியபோது வந்ததோ என்று அவளுக்குச் சந்தேகம். குளியலறைக் கதவின் அடியில் நியாஸ் காலை வெட்டிக்கொண்ட தகரம். ஐந்து தையல். கனி குனிந்து அந்தத் தகரத்தைத் தடவிப் பார்த்தார். மகனின் கால் இப்போது அவர் காலைவிடப் பெரிது.

ஒரே நாளில் முடியவில்லை. தினமும் சாயந்திரம் தொட்டி முன்னால் இரண்டு நாற்காலி போட்டு, அவர் ஒரு வருடத்தைச் சொல்லிக் கேட்பார், அவள் சொல்வாள். சில வருடங்களைச் சொல்லும்போது அவர் எழுந்து போய்விடுவார். திரும்பி வர நேரமாகும். அவள் காத்திருப்பாள். கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு, இருந்து பார்ப்பது வேறு என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

கடல் தாமரை பத்து நாளில் மறுபடி விரிந்தது.

"தொண்ணூத்தெட்டு" என்றார் ஒருநாள்.

மெஹர்னிசா யோசித்தாள். எதுவும் அகப்படவில்லை. "தொண்ணூத்தெட்டுல ஒண்ணும் நடக்கலங்க. சும்மா போச்சி."

"பரவால்ல. ஒண்ணும் நடக்காததச் சொல்லு."

அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"காத்தால அஞ்சு மணிக்கு எழுந்துப்பேன்" என்று ஆரம்பித்தாள். "மோட்டர் போடுவேன். சிஃபாவுக்குத் தலை பின்னுவேன்..."

கனி நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.