சந்தனம் வைத்த டிஸ்க்குகள்

வக்கீல் அப்புத்துரையின் ஆபீஸ் லைட் ஸ்ட்ரீட்டில், மாடியில் இருந்தது. நான் அங்கே பத்தொன்பது வருஷம் குமாஸ்தா. கம்ப்யூட்டர் வந்தால் வேலை பாதியாகிவிடும் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். பாதியானது என் கண்பார்வைதான்.

தினமும் சாயங்காலம் எல்லாப் பத்திரங்களையும் ஆறு பிளாப்பி டிஸ்க்கில் காப்பி எடுத்து, கைப்பையில் போட்டு, பெர்ரி ஏறிக் கடல் தாண்டி, அக்கரையில் செபராங் ஜெயாவில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோவேன். ஆபீஸில் தீப்பிடித்தாலும் பத்திரங்கள் பிழைக்கட்டும் என்று சார் செய்த ஏற்பாடு. என்னை நம்பிக் கொடுத்ததில் பெருமைதான். ஐம்பத்திரண்டு வயதில் பெர்ரிப் படியில் மூச்சு வாங்கும்போது அந்தப் பெருமை கொஞ்சம் குறையும்.

தொண்ணூறாம் வருஷம் சரஸ்வதி பூஜையன்று, பூவும் பழமும் வாங்க நான் வெளியே போயிருந்ததால், நோர்மா காப்பி எடுத்துக் கொடுத்தாள். புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வாரம். அவள் சம்பளத்தில்தான் தம்பிகள் இருவரும் பள்ளிக்கூடம் போனார்கள்.

வீட்டில் புத்தகம், பேனாவோடு டிஸ்க்குகளையும் சாமி முன்னால் வைத்தேன். சோறு போடுவது அதுதானே. தாள் உறையோடு வைக்க மனசு ஒப்பவில்லை. வெளியே எடுத்து, சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக் குங்குமமும் இட்டேன். டிஸ்க்கில் ஒரு நீள ஓட்டை உண்டு, உள்ளே கறுப்புத் தகடு தெரியும். அதை யார் கவனித்தது? காலையில் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை. ரிப்பேர்காரர் வந்து, உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்றார். டிஸ்க்குகளைப் போட்டுப் பார்த்தார். ஆறில் ஒன்றுகூடப் படிக்கவில்லை. ஒன்றைக் கத்தரியால் வெட்டித் திறந்தார். தகட்டில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"தே சிந்திருக்கு லா," என்றார், தேநீர்க் கறை என்று நினைத்து.

சாரின் கண் நோர்மாவின் மேஜைக்குப் போனது. மேஜை ஓரத்தில் ராஃபியா கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் தே ஐஸ் தொங்கியது. நான் குனிந்து பார்த்தேன். சந்தன வாசனை மூக்கில் ஏறியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

"நாப்பது நிலப் பத்திரம், ஒண்ணுகூட மிச்சமில்ல," என்றார் சார். என் பக்கம் திரும்பி, "கனகேஸ்வரி, நோர்மாவுக்கு லெட்டர் அடிங்க. இன்னையோட போகட்டும்."

அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். என்னைக் காக், அக்கா, என்றே கூப்பிடும் நோர்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். முதலில், தான் எதையும் சிந்தவில்லை என்று மலாய் மொழியில் சொன்னாள். பிறகு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, "என் கை ஈரமா இருந்திருக்குமோ, காக்?" என்று கேட்டாள்.

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செய்யாத தப்பைத் தன் கையில் தேடுகிறாளே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஓய்வுக்கு இன்னும் மூன்றே வருஷம். இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? உண்மை பேசவும் உடம்பில் தெம்பு வேண்டும். அன்றைக்கு எனக்கு அது இல்லை.

பழைய டைப்ரைட்டரைத் தூசி தட்டி எடுத்தேன். தேதி அடித்தேன். கவனக்குறைவால் ஆபீஸ் பத்திரங்கள் அழிந்தபடியால் இன்றோடு வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்று அடித்தேன். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். அந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதையும் அடித்து உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சார் பேனாவைத் திறந்தார். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேர மாத்தி அடிச்சிருக்கீங்க."

"இல்ல சார். சரியாத்தான் அடிச்சிருக்கேன்," என்றேன். "நேத்து பூஜையில டிஸ்க்குக்குச் சந்தனம் வச்சது நான்."

அவர் என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேனா திறந்தபடியே இருந்தது. எனக்குக் கால் வலித்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக, அவர் சொல்லாமலே, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.