ஆணி அடித்த தெப்பம்

பால்சா மரம் பஞ்சு மாதிரி; கயிறு கட்டினால் நிற்கும், ஆணி நிற்காது. என் புருஷன் எவாரிஸ்தோ கேட்டால்தானே! தெப்பம் முழுக்க ஆணி அடித்து, வாழைக்குலைகளோடு என்னையும் ஏற்றி, குவாயாகில் சந்தைக்குக் கிளம்பினான்.

நடு ஆற்றுச் சுழலில் தெப்பம் முறுகியது. ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. விலகிய கட்டைகளுக்கிடையே என் கால் தண்ணீருக்குள் இறங்கியது.

"ஐயோ, கயிறு இருக்கா?" என்று அலறினான்.

"கயிறு கிழவங்க சமாச்சாரம்னு சொன்னியே, ஆணியப் புடிச்சுத் தொங்கு!"

சந்தையில் மதியம் படுக்க அவன் கொண்டுவந்த வலைத்தூளியை வெட்டுக்கத்தியால் கயிறு கயிறாக அறுத்தேன். கழுத்தளவுத் தண்ணீரில் கிடந்து கட்டைகளை இறுக்கிக் கட்டினோம். கயிறு மரத்தைக் கடித்து நின்றது.

கரையேறியதும் கேட்டான்: "இனி நான் எதுல படுக்கறது?"

"மிச்ச ஆணி இருக்குல்ல? அது மேல படு."