சிவப்பு விளக்கின் மேல் ஒரு ஒட்டுத்தாள்

பத்தொன்பதாவது முறையாக வீட்ஸ்கெ கண்ணாடிக் குப்பியைக் கவிழ்த்தாள். கூழ் பிடித்திருந்தால் தலைகீழாக அப்படியே நிற்க வேண்டும். சனியன், தண்ணீராய் ஓடிவந்து மூடியில் தேங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஐன்ட்ஹோவன் நகரத்து மழையும் ஓய்கிற மாதிரி இல்லை.

மூன்று வருடமாகத் தவறாமல் பிடித்த கூழ். அவள் உண்டாக்கிய மூலக்கூறுகள் தண்ணீரில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு இழையாகும். இழைகள் பின்னிப் பிணைந்து தண்ணீரை அசையவிடாது. "சுத்தமான தண்ணீரில், வேறெந்தத் துணையும் இன்றி" என்றுதான் அவளுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்று புதன். எடை சரி, சூடு சரி, பொடியும் அதே பொடி. பிறகென்ன கேடு?

"காப்பி ஆறுது, வா!" என்று கூப்பிட்டார் ஹார்மென். ஆய்வகத்தின் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர். இன்று அவருக்குப் பிறந்தநாள்; ஊர் வழக்கப்படி அவரே செர்ரி கேக் சுமந்து வந்திருந்தார்.

"வாழ்த்துகள் ஹார்மென். கேக் வேணாம். எனக்கு என் கூழ் வேணும்."

"பொறந்தநாளுக்கு வந்த மூஞ்சியா இது? எழவு வீட்டுக்கு வந்த மாதிரில்ல இருக்கு."

"மூணு வாரமா ஒண்ணுமே பிடிக்க மாட்டேங்குது."

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். "மூணு வாரமா? அப்பத்தானே தண்ணி சுத்தம் பண்ற மெஷின்ல வடிகட்டிய மாத்துனேன். பழசு செத்து எத்தன வருஷமோ, உப்பு அப்படியே கசிஞ்சு வந்திருக்கு. வடிகட்டிய மாத்தச் சொல்லி எரியுற சிவப்பு விளக்கு மேல எந்தப் புண்ணியவானோ தாள வேற ஒட்டி வச்சிருந்தான்."

கண் கூசுகிறதென்று முதல் வருடம் அந்தத் தாளை ஒட்டியவள் வீட்ஸ்கெதான்.

அவளுடைய மூலக்கூறுகள் எல்லாம் ஒரே மின்னேற்றம் கொண்டவை; ஒன்றையொன்று தள்ளும். உப்பு நடுவில் புகுந்து அந்தத் தள்ளலைத் தணித்திருக்கிறது; அதனால்தான் இத்தனை நாள் கூழ் பிடித்தது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவளே நடத்துகிற பாடம். தன் தண்ணீரை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை.

"ஒரு சிட்டிகை உப்பப் போட்டுத்தான் பாரேன்."

"பிடிச்சா நாலாவது அத்தியாயம் பொய், ஹார்மென்."

"பிடிக்கலன்னா?"

"கூழே இல்ல."

"அப்ப எப்படியும் கேக்கைச் சாப்பிட்டுடு."

அவள் சாப்பிடவில்லை. இரண்டு சொட்டு உப்புநீர் விட்டாள், சூடாக்கினாள், ஆறவைத்தாள். எது நடந்தால் நல்லது என்று தெரியாமலேயே குப்பியைக் கவிழ்த்தாள். மூடியில் எதுவும் தேங்கவில்லை. உள்ளே ஒரு குமிழி மேலே போகப் பார்த்தது. பாதி வழியில், கண்ணாடியை ஒட்டி, அப்படியே நின்றது.